சாட்சி சம்மன் வந்திருக்கிறது, கழுத்திரு கோர்ட்டில் இருக்கிறது: என்ன செய்யலாம்?

வளவுவீட்டுப்பெண் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கத்து ஊரில் எங்கள் பூர்வீக வீடு. 2024 ஆவணியில் ராத்திரி பின்கட்டுக் கதவை உடைத்து உள்ளே வந்து, இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தைத் திறந்து எடுத்துப் போய்விட்டார்கள். அப்பத்தா மட்டும்தான் அந்த வீட்டில் இருக்கிறார். அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகத் தேவகோட்டை போயிருந்தார். கழுத்திரு (எங்கள் பக்கத்துக் கல்யாணத் தாலி நகை), வைரத்தோடு, வெள்ளிச் சாமான்கள், இரண்டு பித்தளை அண்டா போனது. ஆட்கள் பிடிபட்டார்கள், முக்கால்வாசிப் பொருளும் கிடைத்தது. ஆனால் எல்லாம் கோர்ட்டில் இருக்கிறது.

இப்போது அப்பத்தாவுக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அண்ணனுக்கும் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. அப்பத்தாவுக்கு வயது 76, சர்க்கரை, முட்டிவலி. அந்த அண்ணன்தான் இரண்டு பேர் பின்தெருவில் ஓடியதைப் பார்த்தவர். போன வாரம் டீக்கடையில் யாரோ ஒருவன் அவரிடம், "கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லிட்டு வந்துரு, உனக்கு எதுக்கு வம்பு" என்றானாம். அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று அப்பத்தா போனில் சொன்னார்.

வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். திருப்பூட்டுக்கு (தாலி கட்டும் சடங்குக்கு) அந்தக் கழுத்திருதான் வேண்டும் என்று அப்பத்தா பிடிவாதமாக இருக்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முகப்புத்திண்ணை | திங்கள், இரவு 9.40

ஆச்சி, தப்பாக நினைக்க வேண்டாம். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா ஒரு அடிதடி வழக்கில் சாட்சி. வாய்தா வாய்தா என்று போய், கடைசியில் சொல்ல வேண்டிய நாளில் அவருக்கே பாதி மறந்துபோனது. பொருள் கிடைத்தால் போதும் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை_வக்கீல் | திங்கள், இரவு 10.25

திண்ணை அண்ணே, முடித்துக்கொள்வது நம் கையில் இல்லை. இது ராத்திரியில் வீட்டை உடைத்துத் திருடிய வழக்கு. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 331(4), 305 போட்டிருப்பார்கள். வழக்கை நடத்துவது அரசு, அப்பத்தா அதில் சாட்சி. சம்மன் வந்து போகாவிட்டால் பிடியாணை வரை போகும்.

முதலில் நகை. அதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451 என்று இருந்தது, இப்போது அதற்குப் பதில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497. அதன்படி, கைப்பற்றிய பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல் போட வேண்டும், போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளில் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். பிறகு விசாரணையில் அந்தப் படமே சாட்சியம் ஆகும். இதற்கு முன்பே 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதையேதான் சொன்னது: நகையையும் வண்டியையும் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்கில் போட்டு வைக்காதே, போட்டோ எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடு என்று.

நடைமுறையில் அது தானாக நடக்காது, நாம்தான் மனுப் போட வேண்டும். இடைக்காலமாக ஒப்படைக்கக் கேட்கும் மனு. அப்பத்தா பெயரில், அவர் கையெழுத்தோடு. போலீஸ் தரப்பில் ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்பார்கள், பெரும்பாலும் இருக்காது. விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் பத்திரமும் ஜாமீன்தாரரும் கேட்பார்கள். வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

வளவுவீட்டுப்பெண் | திங்கள், இரவு 10.51

நன்றி அண்ணே. ஆனால் எங்களிடம் ஒரு பில்கூட இல்லை. அப்பத்தா கல்யாணத்துக்குப் போட்டது. கழுத்திருவுக்கு யார் பில் வைத்திருப்பார்கள்? எங்களுடையதுதான் என்று எப்படிக் காட்டுவது?

கண்டனூர்க்காரன் | செவ்வாய், காலை 7.05

பில் எதற்கு? சாமானில் விலாசம் வெட்டியிருக்குமே. அண்டா, வெள்ளிக் கும்பா, தட்டு எதை எடுத்தாலும் ஐயா காலத்து முதலெழுத்துகள் இருக்கும். எங்கள் வீட்டில் இடுக்கியில்கூட வெட்டியிருக்கிறது! எங்களுக்கு இதே மாதிரி நடந்தபோது அதுதான் கை கொடுத்தது. முறைச்சிட்டை (கல்யாணச் சீர் எழுதிய சிட்டை), சாமான் கொடுத்த பட்டியல் பழைய பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள். அப்புறம் கல்யாணப் போட்டோ. அப்பத்தா கழுத்தில் போட்டபடி பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கட்டாயம் வளவில் மாட்டியிருக்கும்.

தேவகோட்டை_வக்கீல் | செவ்வாய், காலை 8.30

சரியான யோசனை. இன்னொன்றும் சொல்கிறேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "இந்த மாதிரி கழுத்திரு இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும்தானே இருக்கும்" என்று கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டியது அவர் வேலை. "ஆமாம், எல்லா வீட்டிலும் இருக்கும், ஆனால் இது என்னுடையது, ஏனென்றால்..." என்று அப்பத்தா சொல்ல ஒரு அடையாளம் இருக்க வேண்டும். சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். எது என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வளவுவீட்டுப்பெண் | செவ்வாய், இரவு 8.14

கேட்டேன். யோசிக்கவே இல்லை. "உருவிலே ஒண்ணு நசுங்கி, பத்தர் ஒட்டிக் குடுத்த தடம் இருக்கும்டி, விரலை வச்சுத் தடவினா தெரியும்" என்றார். உரு என்பது கழுத்திருவில் கோர்த்திருக்கும் தங்கத் துண்டு. போலீசில் பொருளைக் காட்டியபோதும் அப்படித்தான் தடவிப் பார்த்துச் சொன்னாராம்.

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் | செவ்வாய், இரவு 9.33

அப்பத்தா நன்றாகவே சாட்சி சொல்லிவிடுவார், கவலை வேண்டாம். நான் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல்கள் சட்டம் சொல்வார்கள், அந்த ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன். சாட்சிகள் மிரண்டுபோவது பெரும்பாலும் கேள்விகளால் இல்லை. எங்கே நிற்பது, யாரைக் கேட்பது, எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருவரும் சொல்லாததால்தான்.

சம்மனில் வழக்கு எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஒன்று வரும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா தேதியைச் சென்னையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஆப்பை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். நடுவர் விடுப்பில் இருப்பார், வக்கீல்கள் புறக்கணிப்பு என்பார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கோர்ட் வேலை பார்க்கும் காவலர் ஒருவர் உண்டு. அவருடைய நம்பரை வாங்கி முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போடுங்கள்.

காலை பத்து மணிக்கே போய் ஏ.பி.பி.யைப் பாருங்கள். அரசுத் தரப்பில் வழக்கு நடத்துபவர் அவர்தான். வழக்குக் கட்டு அவர் கையில் இருக்கும். அப்பத்தா வந்திருக்கிறார், வயது இது, உடம்புக்கு இது என்று சொன்னால் முன்னதாகக் கூப்பிட ஏற்பாடு செய்வார். கூண்டில் நிற்க முடியாது, நாற்காலி வேண்டும் என்று நடுவரிடம் அப்பத்தாவே கேட்கலாம். கொடுக்காத நடுவரை நான் பார்த்ததில்லை. மாத்திரை, தண்ணீர், சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும், சர்க்கரைக்காரர் பாருங்கள்.

டவாலி பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை வெளியில்தான் உட்கார வேண்டும். ஒரு சாட்சி சொல்வதை இன்னொரு சாட்சி கேட்கக் கூடாது. அப்பத்தா சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்து, "என்னை இன்ன இன்ன கேட்டாக" என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்தத் தம்பியிடம் சொல்லக் கூடாது. இதைச் சொல்லி வையுங்கள். நம் ஊர் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம்.

அப்புறம் படிக்காசு. சாட்சிக்கு வந்துபோகும் செலவை அரசு கொடுக்க வழி உண்டு. கேட்பவருக்குத்தான் கிடைக்கும். அந்தத் தம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர், கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

முகப்புத்திண்ணை | செவ்வாய், இரவு 9.58

எல்லாம் சரி ஐயா. போய் உட்கார்ந்த பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டால்?

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் | செவ்வாய், இரவு 10.10

கேட்பார்கள். சாட்சி வந்து நிற்கும்போது விசாரிக்காமல் தள்ளி வைக்கக் கூடாது, தள்ளினால் அதற்குத் தனியான காரணத்தை எழுத வேண்டும் என்று சட்டம் (இப்போது சுரக்ஷா சன்ஹிதா 346) சொல்கிறது. ஏ.பி.பி. எழுந்து, "சாட்சி வயதானவர், இரண்டாம் முறை அழைப்பது சிரமம்" என்று அழுத்திச் சொன்னால் பல நேரம் அன்றே முடியும். முடியாத நாளும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆத்தங்குடி_டைல்ஸ் | புதன், காலை 6.45

எனக்கு ஒரு சந்தேகம். போலீசில் சொன்ன வாக்குமூலத்தை முந்தின நாள் ஒரு முறை படித்துவிட்டுப் போவது நல்லதில்லையா? இரண்டு வருஷம் ஆகப் போகிறது, யாருக்கு ஞாபகம் இருக்கும்?

தேவகோட்டை_வக்கீல் | புதன், காலை 9.20

இதில் வக்கீல்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. பல இடங்களில் வெளியில் வைத்துப் படித்துக் காட்டுவது நடக்கிறது. என்னைக் கேட்டால் மனப்பாடம் செய்வது ஆபத்து. போலீஸ் எழுதிய வாசகம் அந்த அண்ணன் வாயிலிருந்து வந்தால், "போலீஸ் சொல்லிக் கொடுத்துத்தானே சாட்சி சொல்கிறீர்கள்" என்பதுதான் அடுத்த கேள்வி. அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார், எந்தச் சத்தம் கேட்டது, எங்கே நின்றார் என்று நடந்ததை அவர் பாட்டுக்கு மனதில் ஓட்டிப் பார்க்கட்டும்.

போலீசில் சொன்ன வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை, போடவும் கூடாது. எதிர்த்தரப்பு அதை முரண்பாடு காட்ட மட்டுமே பயன்படுத்தலாம். அப்பத்தா கொடுத்த புகார் வேறு. அதில் கையெழுத்து இருக்கும். அதைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா" என்று கேட்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகலோடு அதையும் வைத்திருக்கிறீர்களா? புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

குறுக்கு விசாரணை பற்றி. "எத்தனை அடி தூரம்" என்று கேட்பார்கள். அந்த அண்ணன் அடிக்கணக்கு சொல்லிச் சிக்கிக்கொள்ள வேண்டாம். "எங்க பின்வாசல்லேர்ந்து ஊருணிப் படிக்கட்டு தூரம்" என்று தெரிந்த அளவில் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்றும், மறந்ததை ஞாபகம் இல்லை என்றும் சொல்வதால் சாட்சியம் கெடாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிட்டால்தான் கெடும். கேள்வி புரியவில்லை என்றால் நடுவரைப் பார்த்துச் சொல்லலாம். கடைசியில் வக்கீல், "நீங்கள் யாரையும் பார்க்கவில்லை, பொய் சொல்கிறீர்கள்" என்பார். கோபப்பட வேண்டாம், அது சடங்கு. "தவறு, நான் பார்த்தேன்" என்றால் போதும். அதை, "நான் யாரையும் பார்க்கவில்லை என்றால் சரியல்ல" என்று எழுதிக்கொள்வார்கள். எல்லா வழக்கிலும் எல்லா சாட்சிக்கும் இந்த வரி இருக்கும்.

முடிந்ததும் எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். நம் கீழ் கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது, அதனால் அப்பத்தாவே படித்துப் பார்க்கலாம். தப்பாக இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

வளவுவீட்டுப்பெண் | புதன், இரவு 9.02

எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கிறது. டீக்கடை விஷயம்தான் இப்போது பெரிதாகத் தெரிகிறது. அந்த அண்ணன், "எனக்குப் பொண்ணுக இருக்கு" என்று ஒரே வார்த்தையில் நிற்கிறார்.

தேவகோட்டை_வக்கீல் | புதன், இரவு 9.45

முதலில் அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், எந்தக் கடை, என்ன வார்த்தை, யார் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு நகல் விசாரணை அதிகாரிக்கு, ஒன்று ஏ.பி.பி.க்கு. ஸ்டேஷனில் மனு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது தனிக் குற்றம், நியாய சன்ஹிதா 232, ஏழு வருஷம் வரை தண்டனை. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஜாமீனில் இருந்தால், அந்த ஜாமீனை ரத்து செய்யக் கேட்கவும் இது காரணம் ஆகும்.

அடுத்து சாட்சிப் பாதுகாப்புத் திட்டம். 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டு நாடு முழுவதும் சட்டமாகவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு, அதில் மாவட்டப் போலீஸ் தலைவர் உறுப்பினர், அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் பிரிவின் மாவட்டத் தலைவர் உறுப்பினர் செயலர். மனுப் போட்டால் டி.எஸ்.பி. விசாரித்து, மிரட்டல் எந்த அளவு என்று அறிக்கை கொடுக்க வேண்டும். காரைக்குடிப் பக்கம் என்றால் உங்களுக்குச் சிவகங்கை. திருமயம், ராயவரம் பக்கத்து ஆட்கள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும், செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் இதைச் சொல்கிறேன்.

முகப்புத்திண்ணை | புதன், இரவு 10.03

அண்ணே, பொருள் திருட்டு வழக்குக்கு வாட்ச்மேனுக்குத் துப்பாக்கிப் போலீஸ் போடுவார்களா? காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

தேவகோட்டை_வக்கீல் | புதன், இரவு 10.20

போட மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். அந்தத் திட்டத்தில் சின்னச் சின்ன ஏற்பாடுகளும் இருக்கின்றன: சாட்சியும் எதிரியும் நேருக்கு நேர் வராமல் பார்ப்பது, கோர்ட்டுக்கு வரப் போகத் துணை, வீட்டுப் பக்கம் ரோந்து. இந்த அண்ணனுக்கு வேண்டியது இவ்வளவுதான். என் அனுபவத்தில், மனு போனதும் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு அந்த டீக்கடைப் பக்கம் போய் நின்றாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் | புதன், இரவு 10.31

அதோடு, அவர் தனியாகப் பஸ்ஸில் வர வேண்டாம். அப்பத்தாவோடு ஒரே காரில் வரட்டும். வீட்டு ஆண்கள் யாராவது ஒருவர் அன்றைக்கு ஊரில் இருங்கள். "நீ போய்ச் சொல்லிட்டு வாப்பா" என்று வேலையாளை மட்டும் அனுப்பிவிட்டு முதலாளி வீட்டார் சென்னையில் உட்கார்ந்தால், அவர் ஏன் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகமாட்டார்? நான் பார்த்த பல வழக்கில் அப்படித்தான் ஆனது.

பினாங்கு_வீடு | வியாழன், காலை 5.50

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வழக்கில் புகார் கொடுத்தவர் என் அண்ணன், இப்போது மலேசியாவில். சாட்சி சொல்ல வந்துதான் ஆக வேண்டுமா?

தேவகோட்டை_வக்கீல் | வியாழன், காலை 8.55

வீடியோ வழியாகச் சொல்ல முடியும். ஏ.பி.பி. மூலம் மனுப் போட்டு கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். வெளிநாடு என்றால் இந்தியத் தூதரகத்தில் உட்கார்ந்து சொல்வது வழக்கம். ஆனால் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய வழக்கில் நேரில் வருவதே நல்லது. கோயில் திருவிழாவுக்கு வரும் சமயம் தேதி கேட்டுப் பாருங்கள்.

குன்றக்குடி_மயில் | வியாழன், இரவு 8.40

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு நடந்தது, போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கு. அதில் நிறைய வித்தியாசம். குழந்தையை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. கோர்ட்டில் எதிரியைக் குழந்தை கண்ணில் காட்டக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுத்து அவர்தான் கேட்பார். துணையாள் என்று ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். எங்களுக்கு வந்த அக்கா கடைசிவரை கூடவே இருந்தார். முதல் நாளே யாரும் இல்லாத கோர்ட் அறைக்குக் குழந்தையைக் கூட்டிப்போய், "இங்கதான் நீ உட்காருவே, அங்க ஜட்ஜ் அத்தை உட்காருவாங்க" என்று காட்டினார். மறுநாள் குழந்தை அழவில்லை.

நிவாரணத் தொகைக்கும் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டாம், இடைக்காலத் தொகை கேட்கலாம். உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. சட்ட உதவிக்கு 15100.

வளவுவீட்டுப்பெண் | வியாழன், இரவு 9.15

மயில் ஆச்சி, எழுதியதற்கு நன்றி. சட்ட உதவி என்றதும் கேட்கிறேன், அப்பத்தாவுக்குத் தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா? வசதி உள்ளவர்களுக்கு இலவசம் கிடையாதுதானே?

தேவகோட்டை_வக்கீல் | வியாழன், இரவு 9.50

பெண் என்றால் வருமானம் பார்ப்பதில்லை. 1987 சட்டத்திலேயே இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு போதும். தனி வக்கீல் கட்டாயம் இல்லை. வைத்தால் அவர் ஏ.பி.பி.க்கு உதவியாகத்தான் இருக்க முடியும், தானாக வழக்கை நடத்த முடியாது. ஆனால் வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகை நகல் பாதிக்கப்பட்டவருக்கும் கிடைக்கும். நகை மனுவுக்கும் ஆள் வேண்டுமே, அவரையே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எதிரி விடுதலை ஆனாலும் மேல்முறையீடு செய்ய அப்பத்தாவுக்கு உரிமை உண்டு.

வளவுவீட்டுப்பெண் | ஞாயிறு, மாலை 6.20 (சில வாரம் கழித்து)

எல்லோருக்கும் தகவல். நகை மனு அனுமதி ஆகிவிட்டது. விலாசம் வெட்டிய அண்டாவையும் கல்யாணப் போட்டோவையும் நடுவர் பார்த்தார், பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். சாட்சி அன்றைக்கு என் சித்தப்பா ஊருக்கு வந்து இருவரையும் கூட்டிப்போனார். கழுத்திருவையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோனோம். அப்பத்தா நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, நசுங்கிய உருவைக் காட்டியிருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எல்லா வீட்டிலும் இருக்குமே என்று கேட்டாராம், அப்படியே! அந்த அண்ணன் முதல் விசாரணையில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டார், இரண்டாம் எதிரியின் வக்கீல் மட்டும் குறுக்கு விசாரணைக்கு வாய்தா வாங்கியிருக்கிறார். டீக்கடை மிரட்டல் விஷயத்தில் மனு ரசீது இருக்கிறது. ஏட்டு ஒருவர் வந்து விசாரித்தார், அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இன்னும் ஒரு கேள்வி. திருப்பூட்டுக்குக் கழுத்திருவைப் புது நூலில் கோர்க்க வேண்டும். நிபந்தனையில் உருமாற்றக் கூடாது என்று இருக்கிறதே, கோர்க்கலாமா?

தேவகோட்டை_வக்கீல் | ஞாயிறு, இரவு 8.05

தங்கத்தைத் தொடாமல் நூல் மட்டும் மாற்றுவது உருமாற்றம் ஆகாது என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு கேள்வியை எடுத்துக் கொடுக்க வேண்டும்? உங்கள் வக்கீலிடம் சொல்லி, இன்ன காரணத்துக்காக நூல் மாற்றுகிறோம் என்று ஒரு சின்ன மனுப் போட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். மெருகு போடுகிறேன், நசுங்கியதை நிமிர்த்துகிறேன் என்று பத்தர் கிளம்புவார், விடாதீர்கள். அந்தத் தடம்தான் உங்கள் சாட்சியம்.

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் | ஞாயிறு, இரவு 8.22

பழைய நூலையும் அதில் கட்டியிருக்கும் கோர்ட் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும்.

கண்டனூர்க்காரன் | ஞாயிறு, இரவு 8.30

பெட்டகத்திலா? கல்யாணம் முடிந்த மறுநாளே பேங்க் லாக்கருக்குக் கொண்டுபோங்கள் ஆச்சி.